இடது பின்கதவு

அன்வர் பாட்சா வேலை தொடங்குவதற்கு முன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார். பக்கெட்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலது கைச் சுண்டுவிரலை முதல் கணு வரைக்கும் தண்ணீரில் இறக்குவார். வெளியே எடுத்ததும் உதற மாட்டார். விரல் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கும் வரை காத்திருப்பார். அதை நாக்கு நுனியில் தொட்டுக்கொண்டு கண்களை மூடுவார். மூன்று மூச்சு நேரம் ஆகும். பிறகு வண்டிக்கு எதிர்ப்புறமாகத் திரும்பித் துப்பிவிட்டு, தோள் துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "சரி" என்பார். அந்தச் சரி தண்ணீருக்கு. அதன் பிறகுதான் அதில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, பெயிண்டைத் தேய்க்கிற வாட்டர் பேப்பரை ஊறப் போடுவார்.

சேலத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். தகரத்தில் அது காய்ந்தால் வெள்ளை வளையம் நிற்கும். அந்த வளையத்தின் மேல் பெயிண்ட் அடித்தால், உள்ளே மாட்டிக்கொண்ட உப்பு என்றைக்காவது ஈரத்தை இழுத்துக்கொண்டு மேலே வரும். வெள்ளை வண்டியில் வந்தால் யாருக்கும் தெரியாது. கறுப்பில் தெருமுனையிலிருந்தே தெரியும். அதனால் கறுப்பு வண்டிக்குக் குழாயில் வரும் மேட்டூர் ஆற்றுத் தண்ணீர்தான். அதையும் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான்.

நோன்பு மாதத்தில் மட்டும் இந்த வழக்கம் நின்றுவிடும். பகலில் ஒரு சொட்டும் நாக்கில் படக் கூடாது. அந்த மாதம் முழுக்க, கோட்டைப் பகுதியில் இருக்கும் தன் வீட்டுக் குழாயில் மேட்டூர் தண்ணீரை இரண்டு கேன்களில் பிடித்து, மொபெட்டின் இரு பக்கமும் கட்டிக்கொண்டு வருவார். வீட்டில் எல்லோரும் குடிக்கிற தண்ணீரைத் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை என்று வைத்திருந்தார்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால், குருமூர்த்தியின் பட்டறை இருக்கிறது. பழைய கார்களை முழுக்கப் பிரித்துப் புதுசாக்கித் தருகிற இடம். பெயிண்டும் பேப்பரும் எங்கள் கடையிலிருந்துதான் போகும். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல் ஓரமாக நின்று பார்ப்பேன். அப்படித்தான் அன்வர் பாயைத் தெரியும்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பதின்மூன்று வயதில் பீரோ செய்கிற கடையில் பாலிஷ் போட உட்கார்ந்தவர். அங்கிருந்து கல்யாணக் கார், அங்கிருந்து பழைய கார். நாற்பத்தைந்து வருஷமாகத் தண்ணீரும் உப்புத்தாளும் தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல்களில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷினில் பெருவிரலை எத்தனை முறை வைத்தாலும் அது ஏற்காது. கார்டை எடுத்துக்கொண்டு மனைவி மஸ்தான் பீவிதான் போக வேண்டும். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனபோது அந்தம்மா டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்: "அரசாங்கத்தக் கேட்டா இவரு பொறக்கவே இல்ல தம்பி. நான்தான் இல்லாத ஆளோட முப்பது வருசமா குடித்தனம் பண்றேன்." பாய் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துச் சிரித்தார். அவை அரைத்த கல் போல வழுவழுப்பாக இருந்தன.

அந்தக் கைதான் அவருக்கு எல்லாம். கண்ணுக்குத் தெரியாத மேடு அந்தக் கைக்குத் தெரியும். சேலத்தில் கறுப்பு வண்டி என்றால் பாய்தான் என்று பேர்.

கறுப்பில் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதலில் கறுப்பு. அதற்கு மேல் கண்ணாடி மாதிரி கிளியர். அடித்து முடித்ததும் கிளியர் பார்வைக்குப் பளபளக்கும், ஆனால் ஆரஞ்சுத் தோல் போல நெளிந்திருக்கும். அந்த நெளிவைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து மட்டமாக்கி, பிறகு மெஷினில் பாலிஷ் போட்டால்தான் டியூப்லைட்டின் நிழல் அதில் கோடு பிசகாமல் நிற்கும். தேய்க்கும்போது பாய் கதவைப் பார்க்க மாட்டார். கீழே வழிகிற தண்ணீரைப் பார்ப்பார். பால் மாதிரி வழிகிற வரைக்கும் கிளியர் இருக்கிறது. தண்ணீர் கறுத்தால் கிளியர் போயிற்று, உள்ளே இருக்கும் கறுப்பையே தேய்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. அந்தக் கிளியரின் கனம் மொத்தமே ஒரு தலைமுடி.

அந்த லேண்ட்மாஸ்டர் கார் இந்த வருஷம் மாசியில் பட்டறைக்கு வந்தது. ஐம்பத்தேழாம் வருஷத்து வண்டி. மல்லசமுத்திரம் பக்கத்தில் தோட்டக்காரக் குடும்பம். சின்னண்ணன் என்பவர் வாங்கி ஓட்டியது. அவர் போய்ப் பல வருஷம். வண்டி முப்பத்தொன்பது வருஷமாகச் சாளை என்கிற தோட்டத்துக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்ததாம். ஏன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அவருடைய மகன் தமிழரசு, தன் பெண் கிருத்திகாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். வைகாசி நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்திலிருந்து தோட்டத்துக்கு இந்த வண்டியில்தான் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. கல்யாண வண்டிக்குக் கறுப்பா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்திருக்கிறார்கள். அப்பா வைத்திருந்த நிறம் மாறக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

நோன்பு பதினேழாம் நாள், வாட்டர் பேப்பர் கட்டு ஒன்றைக் கொடுக்கப் போயிருந்தேன். மணி ஒன்றிருக்கும். குருமூர்த்தி சாப்பிடப் போயிருந்தார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். வண்டி, கறுப்புக்கு அடியில் போடுகிற சாம்பல் பிரைமரில் நின்றது. எல்லாப் பக்கமும் தேய்த்து முடித்து, இடது பின்கதவு மட்டும் பாக்கி. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் பாயின் நீல பக்கெட் நிறையத் தண்ணீரோடு இருந்தது.

அங்கே ஓர் அம்மா நின்றிருந்தார். எழுபது வயதுக்கு மேல். வெளியே புளியமரத்தடியில் போன் பேசிக்கொண்டிருந்த தமிழரசுவின் தாயார் சௌந்திரம் என்று பிறகு தெரிந்தது. கதவின் ஜன்னலைப் பார்த்து நின்றார். வலது கை மூடியிருந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். இன்னொருவர் வேண்டுதலைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூச்சமாக இருந்தது. பேப்பர் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பாய் திரும்பி வந்து, அந்த பக்கெட் தண்ணீரிலேயே, அன்றைக்கே அந்தக் கதவைத் தேய்த்து முடித்தார். மறுநாள் கறுப்பு அடித்தார்கள். நோன்பும் பெருநாளும் முடிந்து, கிளியர் நன்றாக இறுகட்டும் என்று சித்திரை பிறக்கும் வரை வண்டியைத் தொடவில்லை.

சித்திரையில் பாய் தேய்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் காலையில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, சரி என்று சொல்லி. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். இடது பின்கதவுதான் கடைசி. அதற்கும் பாலிஷ் போட்டு முடித்த அன்று மாலை பட்டறைக்குள் அந்த வண்டி நின்றதைப் பார்த்தேன். அதற்கென்று ஒரு நிறம் இருப்பதாகவே தோன்றவில்லை. தகரக் கூரை, தொங்குகிற ஒயர்கள், நாங்கள் மூன்று பேர், வாசலுக்கு வெளியே மலை எல்லாம் அதற்குள் இருந்தன. உள்ளே இருந்த மலை வெளியே இருப்பதை விடப் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் மத்தியானம் பாய் கடைக்குப் போன் செய்தார். பெயிண்டின் கனத்தை அளக்கும் மீட்டர் எங்கள் கடையில் ஒன்று உண்டு. அதை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

இடது பின்கதவில், ஜன்னல் விளிம்புக்கு நான்கு விரல் கீழே, ஒரு மங்கல். உள்ளங்கை அளவுகூட இல்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் வாயை வைத்து மூச்சு விட்டால் படிகிற பூச்சு போல. நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் இளைத்தும். பாய் துண்டால் துடைத்துக் காட்டினார். போகவில்லை. அது மேலே இல்லை, உள்ளே இருந்தது.

குருமூர்த்தி வந்து குனிந்து பார்த்தார். "என்ன பாய், அறுபது வருசத்து வண்டி. மூச்சு வாங்குதா?" என்றார். நாங்கள் சிரித்தோம்.

மாலையில் வெயில் இறங்கியதும் மங்கல் பாதி வடிந்துவிட்டது. விரலை வைத்தால் மட்டும் மணல் போல நெருடியது. எனக்கு நெருடவில்லை, பாய்க்கு நெருடியது. மீட்டர் அந்த இடத்தில் நூற்று ஐம்பத்தெட்டு மைக்ரான் காட்டியது. நூற்றுப் பத்தில் கிளியர் முடிந்து கறுப்பு தொடங்கும் என்று அடித்த கணக்கிலிருந்து எனக்குத் தெரியும். பாய் மெல்லிய பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். பால் வழிந்தது. பாலிஷ் போட்டதும் கதவு பழையபடி மலையைக் காட்டியது. நூற்று நாற்பத்தேழு.

அடுத்த நாள் உச்சியில் மங்கல் மறுபடி வந்தது. அதே இடம், அதே அளவு. தேய்த்தார். நூற்று முப்பத்தெட்டு.

அதற்கடுத்த நாள், உள்ளே தின்னர் ஏதோ மாட்டியிருக்கும், சூடு காட்டினால் வெளியேறிவிடும் என்று, இரண்டு மணி நேரம் ஹாலஜன் விளக்கை அதன் முன்னால் வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். எழுந்து பார்த்தபோது இருந்தது. அன்று தேய்த்த பிறகு நூற்று இருபத்தாறு. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

குருமூர்த்தி சிரிப்பதை நிறுத்தியிருந்தார். கதவைக் கழற்றி, சுரண்டி, புதுசாகவே அடித்துவிடலாம் என்றார். அது சரியான யோசனைதான். ஆனால் இறுகுவதற்கு நாள் இல்லை. இறுகாத கறுப்பைப் பாலிஷ் போட்டால் ஒரு மாதத்தில் செத்துவிடும். அதோடு, பாய் அப்படி ஒப்புக்கொள்ளும் நிலையில் இல்லை. பேப்பரை மாற்றினார். ரப்பர் கட்டையை மாற்றினார். தண்ணீரை ஒரு நாளைக்கு மூன்று முறை நாக்கில் வைத்துப் பார்த்தார். மூன்று முறையும் அது நல்ல தண்ணீராகத்தான் இருந்தது. ஒருமுறை, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, தன் வலது உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது வருவதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு இரண்டு பெயிண்ட் டின்களைக் கவிழ்த்துப் போட்டுக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தோம். பட்டறையில் வேறு யாரும் இல்லை. தகரக் கூரை சூட்டில் டக் டக்கென்று விரிந்துகொண்டிருந்தது. மலைப்பாதையில் ஏறுகிற பஸ்கள் கியர் மாற்றும் சத்தம் எப்போதாவது வந்தது. கதவுக்குள் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்த பாய் வெளியே இருந்தவரை விட வயதானவராகத் தெரிந்தார். அவர் கண்ணிமைக்கவில்லை. நானும்.

எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது. என் முகத்தின் வாய் இருந்த இடத்தில் ஏதோ தெளிவில்லாமல் இருப்பதாகத் தோன்றியது. உதட்டைத் துடைத்துக்கொண்டேன். கதவில் இருந்தவனும் துடைத்துக்கொண்டான். ஆனால் அவனுக்கு உதடு திரும்பி வரவில்லை. ஒரு புள்ளி, பிறகு அதைச் சுற்றி இன்னொரு புள்ளி. நூறு சின்னஞ்சிறு புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெளுத்துக்கொண்டு வந்தன. கொஞ்சம் பரவும், நிற்கும், கொஞ்சம் பரவும். நிற்கிற நேரமும் பரவுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. என் மூச்சும் அந்தக் கணக்கிலேயே போய்க்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது நிற்கவில்லை.

பாய் எழுந்து போய், அதன் முன்னால் புறங்கையை வைத்தார். கதவில் படாமல், ஒரு விரற்கடை தள்ளி. காய்ச்சல் குழந்தையின் வாய்க்கு முன்னால் வைப்பது போல. என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் தமிழரசு வந்து சேர்ந்தார். வண்டியைச் சனிக்கிழமை எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று கேட்க வந்தவர். வாசலிலேயே உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். கதவைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பக்கத்தில் வந்து பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "ஏனுங்க பாய், அது எப்ப வந்துச்சுங்க?" என்றார்.

பாய் நடந்ததை மறைக்காமல் சொன்னார். தமிழரசு பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்துகொண்டார். வண்டி ஏன் அத்தனை வருஷம் சாக்குக்கு அடியில் கிடந்தது என்பதை அப்போதுதான் சொன்னார்.

அவருக்கு ஓர் அக்கா இருந்திருக்கிறாள். செல்லாயி. ஆறு வயது. எண்பத்தாறாம் வருஷம் கத்திரி வெயிலில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், சேலம் ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். சின்னண்ணன் ஓட்ட, பின்சீட்டில் நடுவில் சௌந்திரம், ஒரு பக்கம் நான்கு வயதுத் தமிழரசு, இடது ஜன்னல் ஓரம் செல்லாயி. காற்று வேண்டும் என்று கண்ணாடியை இறக்கச் சொல்லியிருக்கிறாள். ஜன்னல் விளிம்பில் மோவாயை வைத்து, வாயை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் அம்மா தொட்டு எழுப்பிப் பார்த்திருக்கிறார். உச்சி நேரம்.

"எனக்கு அவ மூஞ்சி ஞாபகம் இல்லைங்க பாய். வாய் மட்டும் ஞாபகம் இருக்குது" என்றார் தமிழரசு. பிறகு எழுந்து, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். "அம்மா கண்ணுல இது படக் கூடாதுங்க. பட்டுதுன்னா வண்டியும் நவுராது, அம்மாவும் மண்டபத்துக்கு வரமாட்டாங்க. எப்பிடியாச்சும் நீங்கதான் எடுத்துக் குடுக்கோணும்."

"கை இருக்கிற வரைக்கும் எடுக்கறேன்" என்றார் பாய்.

புதன், வியாழன் இரண்டு நாளும் வந்ததைத் தேய்த்து எடுத்தார். முன்னைவிடக் கொஞ்சமாகத் தேய்த்தார். நூற்று இருபது. நூற்றுப் பதினைந்து. மங்கல் மட்டும் கொஞ்சமாக வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். அன்று சரி என்று சொல்லவில்லை. என்னைக் கதவுக்குக் கீழே தரையில் உட்காரச் சொன்னார். "நான் கண்ண மூடிக்கிறேன் தம்பி. கை சொல்றத மட்டும் கேக்கறேன். நீ தண்ணியப் பாரு. வெள்ளை மாறுனா சொல்லு."

இரண்டு விரலால் பேப்பரைப் பிடித்து, இடமிருந்து வலமாக, ஒரே கோட்டில் தேய்த்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. காய்ச்சல்காரர் தூக்கத்தில் விடுகிற மூச்சுபோல, போய் வந்து, போய் வந்து. பால் வழிந்தது. மெல்லிய பால். பிறகு அதைவிட மெல்லியது. ஆறாவதோ ஏழாவதோ இழுப்பில், பாலுக்கு நடுவே முடி அளவு ஒரு சாம்பல் இழை வந்தது. நான் வாயைத் திறந்தேன். அவர் கை அதற்குள் தானாக நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார். இழை தரையில் இறங்கிக் கலந்து காணாமல் போனது. பேப்பரைப் பக்கெட்டில் போட்டுவிட்டு, கதவின் மேல், ஜன்னல் விளிம்பில், உள்ளங்கையை வைத்தார்.

"போதும் கண்ணு" என்றார். "இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவர் பேசியது என்னிடம் அல்ல.

கையாலேயே மெதுவாகப் பாலிஷ் போட்டார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டியை எடுத்துப் போனார்கள். அப்போது கதவில் ஒன்றும் இல்லை. புளியமரம் அதில் இலை இலையாகத் தெரிந்தது.

கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். பாய்க்குப் போக விருப்பமில்லை, போகாமலிருக்கவும் முடியவில்லை. மண்டபத்துக்கு வெளியே வண்டி மல்லிகைச் சரமும் வாழைக்கன்றுமாக நின்றது. ஆட்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாய் சாப்பிடவில்லை. பதினொன்றரையிலிருந்து வண்டிக்கு எதிரே, பந்தல் காலில் சாய்ந்து நின்றார். சரங்களில் ஒன்றை அந்த இடத்தை மறைக்கிற மாதிரி தமிழரசு இழுத்துக் கட்டியிருந்தார். வெயிலில் பூ வாடிச் சுருண்டது. சரம் ஒல்லியாகிக்கொண்டே வந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்தபோது, பின்னாலேயே சௌந்திரம் அம்மாவும் வந்தார். பேத்தியை ஏற்றிவிடக் கதவுப் பக்கம் போனவர் நின்றார். சரத்தை ஒரு விரலால் விலக்கினார். மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கண் பாயிடம் வந்து நின்றது. எப்படி அடையாளம் தெரிந்ததோ. பாய் அருகே போனார்.

"தெனமும் வருதா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"உச்சியில மட்டும்ங்கம்மா."

அவர் தலையாட்டினார். கிருத்திகாவை அந்தப் பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னார். மாப்பிள்ளையை ஓட்டுநர் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, இடது ஜன்னல் ஓரம் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். சொந்தக்காரர்கள் விட்டுவிடுவார்களா. "அம்மாவுக்கு இன்னொருக்கா ஊர்கோலம் போவோணுமாட்ட இருக்குது", "மாப்ளய எறக்கி முன்னால உட்டுட்டாங்க பாரு" என்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு, இடது கையை ஜன்னலுக்கு வெளியே போட்டு, உள்ளங்கையைக் கதவின் மேல், அந்த இடத்தில், பொத்தி வைத்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாய் ஜன்னல் சீட்டைப் பிடிக்கவில்லை. வீரபாண்டி தாண்டியதும், தனக்குள் கணக்குப் போடுகிறவர் போல, "தண்ணி நல்ல தண்ணி. பேப்பர் நல்ல பேப்பர். கிளியர் உங்க கடைது, அதுலயும் குத்தம் இல்ல" என்றார். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் கவிழ்த்து வைத்தார். "அப்ப கைதான் தம்பி. இத்தன வருசம் இது எத்தன வண்டியில என்னென்ன விட்டுட்டு வந்துச்சோ."

அதற்குப் பிறகு அவர் கறுப்பு வண்டியைத் தொடவில்லை. கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பேர் தேடி வந்தார்கள். கண் சரியில்லை என்று அனுப்பிவிட்டார். இப்போது திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டிகளுக்குப் பாலிஷ் போடப் போகிறார். மஞ்சளும் பச்சையுமாக அடித்த போர்வெல் லாரிகள். அவற்றில் யாரும் முகம் பார்ப்பதில்லை. ஒருநாள் அங்கே போய்ப் பார்த்தேன். போர் குழாயைத் திறந்து பக்கெட்டை நிரப்பினார். குனிந்து, அப்படியே பேப்பரைப் போட்டார். விரலை விடவில்லை. நாக்கில் வைக்கவில்லை. மஸ்தான் பீவி, அவர் இப்போதெல்லாம் தன் கையால் பேரப்பிள்ளையைத் தூக்குவதற்குக்கூட யோசிக்கிறார் என்று சொன்னார்.

ஐப்பசியில் தமிழரசு போன் செய்தார். மழை தொடங்கியதிலிருந்து மங்கல் வரவில்லையாம். ஆனால் அந்த இடத்தில் பெயிண்ட் கடுகு கடுகாகப் பொரிந்திருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்றார். மீட்டரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வண்டி சாளையில் நின்றது, சாக்கு இல்லாமல். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது சௌந்திரம் அம்மா வந்து பின்னால் நின்றார். பாய் சௌகரியமா என்று கேட்டார். கறுப்பு வேலையை விட்டுவிட்டார் என்று சொன்னேன். ஏன் என்றார். தன் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது என்றேன்.

நான் கேட்காமலேயே, நான் அன்று பார்க்கக் கூசி வெளியே வந்த அந்த மத்தியானத்தைப் பற்றிச் சொன்னார். பேத்தி கல்யாணத்துக்குச் செல்லாயி வண்டியோடு வந்து நின்றுவிடக் கூடாது என்று அவருக்குப் பயம். பெற்ற மகளைத்தான், ஆனாலும் அனுப்பி வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். திருஷ்டிக்குச் சுற்றிப் போடுவதுபோல, கை நிறையக் கல் உப்பை எடுத்து வந்து, அவள் மோவாய் வைத்திருந்த ஜன்னலுக்கு மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறார்.

"சுத்துன உப்பத் தண்ணியில கரச்சாத்தான் போகும் சாமி. கெணறு கிடையாது, வாய்க்கா கிடையாது, அந்த இடத்துல எங்க போறது. கதவுக்கிட்டவே ஒரு நீல பக்கெட்டுல தண்ணி தெளிஞ்சு நின்னுது. அதுல போட்டேன்."

கடைசிக் கல் கரைந்து, தண்ணீர் பழையபடி தெளியும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாராம்.